காட்டுக்கீரை பறிக்கறது, சமைக்கறது: எல்லாரும் கேக்கற கேள்விகளும் எனக்கு தெரிஞ்ச பதிலும்

நான் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல ஒரு ஊர்ல பொறந்து வளந்தவ. எங்க அம்மிச்சி (அம்மாவோட அம்மா) கூட களை எடுக்க போயி கத்துக்கிட்டதுதான் பாதிக்கு மேல, மீதி அப்பறமா படிச்சும் விசாரிச்சும் தெரிஞ்சுக்கிட்டது. கல்யாணமாகி கோயமுத்தூர் வந்ததுல இருந்து பக்கத்து வீட்டுக்காரங்க, சொந்தக்காரங்க, பசங்க ஸ்கூல் வாசல்ல பழக்கமானவங்கன்னு எல்லாரும் ஒரே சந்தேகத்தையே கேக்கறாங்க, அதனால அவங்க கேட்ட மாதிரியே எழுதி ஒவ்வொண்ணா பதில் சொல்லிருக்கேன். இது முழுக்க எங்க வறண்ட பூமி கீரைங்க பத்தித்தான், மலை மேல இருக்கறவங்களுக்கும் கடலோரத்துல இருக்கறவங்களுக்கும் செடியே வேற.

காட்டுக்கீரைன்னா ஃபாரஸ்ட்டுக்குள்ள போய் பறிக்கணுமா? விடுவாங்களா?

இல்லைங்க. எங்க பக்கம் காடுன்னா மானாவாரி வெவசாய நெலம். சோளம், கம்பு, கடலை வெதைச்ச எடத்துல யாரும் வெதைக்காம தானா மொளைக்கறதுதான் காட்டுக்கீரை. வேலியோரம், வரப்பு, கெணத்துமேடு, குப்பைமேடு, வீட்டு பின்னாடி காலி எடம் இதெல்லாம்தான் நம்ம எடம்.

காப்புக்காட்டுக்குள்ள போய் எலை, கெழங்கு எதுவும் அனுமதி இல்லாம எடுக்கக்கூடாது, தமிழ்நாடு வனச்சட்டம் 1882-ல இருந்தே இருக்கு. 2006 வன உரிமைச் சட்டம் அங்க காலங்காலமா வாழற மக்களுக்கு சிறு வன மகசூல், அதாவது மரம் இல்லாம காட்டுல கெடைக்கற மத்த பொருள எடுக்கற உரிமைய குடுத்திருக்கு, அது அவங்க வாழ்வாதாரம், நாம லீவுக்கு போயி கை வெக்கற எடமில்ல. அடுத்தவங்க தோட்டமா இருந்தா ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்குங்க. களைதானே, பெரும்பாலும் சந்தோசமா பறிச்சுக்க சொல்லுவாங்க.

எனக்கு ஒரு செடி கூட தெரியாது, எதுல இருந்து ஆரம்பிக்கறது?

ஒரே ஒரு செடில இருந்து. நெஜமாத்தான் சொல்றேன், ஒரே நாள்ல இருவது கீரை பேரு எழுதிக்கிட்டு வர்றவங்க அடுத்த வாரம் ரெண்டு கூட ஞாபகம் வெச்சுருக்க மாட்டாங்க. எங்க அம்மிச்சி எனக்கு மொத மழைக்காலம் பூரா பண்ணைக்கீரை மட்டும்தான் பறிக்க விட்டாங்க. ரெண்டு செடிய பறிக்காம ஓரமா விட்டுட்டு வர சொல்லுவாங்க, அது வளந்து உச்சில வெள்ளையும் ரோசும் கலந்த மெழுகுவத்தி மாதிரி பூ விட்டப்பறம் கூட்டிட்டு போயி, இதுதான் நீ சின்னதுல பறிச்சதுன்னு காட்டுவாங்க. அந்த பூவ உள்ளங்கைல கசக்குனா கடுகை விட சின்னதா பளபளன்னு கருப்பு வெதை கொட்டும்.

இது ஏன் முக்கியம்னா, கீரைய நாம பறிக்கறது பூக்கறதுக்கு முன்னாடி எளசா இருக்கறப்ப, ஆனா செடிய சந்தேகமில்லாம அடையாளம் தெரியறது பூவுலயும் காயிலயும்தான். அதனால மொளைல இருந்து வெதை வரைக்கும் ஒரு செடிய ஒரு தடவையாவது பாத்திருக்கணும். அப்பறம்தான் அத சட்டிக்கு கொண்டு வரணும்.

ஆரம்பத்துக்கு நான் சொல்றது நாலு: பருப்புக்கீரை, குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, முடக்கத்தான். பருப்புக்கீரை தரையோட படரும், எலை தடியா சதைப்பத்தா இருக்கும், தண்டு செவந்து இருக்கும், சின்ன மஞ்சப்பூ. முடக்கத்தான் வேலில ஏறும், காத்தடிச்ச பை மாதிரி காயி, உள்ள கருப்பு வெதைல வெள்ளையா ஒரு இதயக்குறி இருக்கும், அந்த குறிய பாத்துட்டா ஆயுசுக்கும் மறக்காது.

எப்ப போனா கெடைக்கும்?

மழை பெஞ்சு பத்து பதினஞ்சு நாளு கழிச்சு. எங்க பூமிக்கு வடகிழக்கு பருவமழைதான் பெரிசு, ஐப்பசி கார்த்திகைல காட்டுல கால் வெச்சா கீரைதான். ஆடில நல்ல மழை வந்துட்டா அப்பவும் கொஞ்சம் கெடைக்கும். கோடைல வேலியோரத்து பிரண்டை, கொடி காயாம இருந்தா தூதுவளை, அப்பறம் சொட்டுநீர் பைப்பு கசியற எடத்துல பருப்புக்கீரை. காலைல பனி காஞ்சப்பறம் பறிங்க, நனைஞ்ச கீரைய பைல அமுக்கி வெச்சா மத்தியானத்துக்குள்ள வெந்த மாதிரி ஆயிடும்.

பேரு ஊருக்கு ஊரு மாறுதே, எத நம்பறது?

பேர மட்டும் நம்பாதீங்க. பாதி தப்பு நடக்கறதே இந்த எடத்துலதான். குப்பைக்கீரை வேற, குப்பைமேனி வேற. ரெண்டும் ஒரே குப்பைமேட்டுல தோளுக்கு தோள் நிக்கும், எலையும் ஒரு பார்வைக்கு ஒண்ணாத்தான் தெரியும். கைல எடுத்து பாருங்க: குப்பைக்கீரை எலை ஓரம் வழுவழுன்னு இருக்கும், நுனில லேசா வெட்டுபட்ட மாதிரி பள்ளம் இருக்கும். குப்பைமேனி எலை ஓரம் பூரா ரம்பப்பல்லு. குப்பைமேனிய மேலுக்கு பூசுவாங்க, கீரையா கடைஞ்சு திங்கறதில்ல, சில பேரு ரத்தத்துக்கு அது ஆகவே ஆகாது.

அதே மாதிரி குமட்டிக்கீரை திங்கற கீரை, குமட்டிக்காய் கொடில காய்க்கற கடுங்கசப்பு காயி, வாயில வெச்சா வயிறு கலக்கிடும். வேளைக்கீரைலயும் ரெண்டு உண்டு, வெள்ளைப்பூ பூக்கறது நல்வேளை, மஞ்சப்பூ பூத்து தொட்டா பிசுபிசுன்னு ஒட்டறது நாய்வேளை. நாயி, பேயின்னு பேர்ல ஒட்டிருந்தா கொஞ்சம் நின்னு யோசிங்க, பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு எல்லாம் நம்ம முன்னோருங்க காரணத்தோடதான் வெச்சிருக்காங்க.

ஆடு மாடு திங்குதே, பறவை திங்குதே, அப்ப நாமளும் திங்கலாம்ல?

கூடாதுங்க. இத நம்பி யாரும் சாப்பிட்டுறாதீங்க. மஞ்ச அரளிப்பழத்த குயிலு அலுங்காம முழுங்கிட்டு போகுது, அதே காயி மனுசனுக்கு இதயத்துடிப்ப நிறுத்திடும். வேலியோரத்து எருக்கலைய ஆடு கடிக்கறத நானே பாத்திருக்கேன். ஆடு தொடாததால ஆடாதொடைன்னு பேரு வெச்ச செடிய நாம மருந்துக்கு எடுக்கறோம். அது வயிறு வேற, நம்ம வயிறு வேற.

போன்ல போட்டோ எடுத்தா ஆப் பேரு சொல்லிடுதே, அது போதாதா?

பூவும் காயும் இருக்கற போட்டோவுக்கு ஓரளவு சரியா சொல்லும். ஆனா ரெண்டாவது கேள்வில சொன்ன மாதிரி நாம பறிக்கறது வெறும் எளங்கன்னு, அந்த பருவத்துல நெறைய செடி ஒண்ணு போலவே இருக்கும். ஆப் சொல்ற பேர ஒரு துப்பா வெச்சுக்கங்க, அந்த செடியோட தமிழ்ப்பேர தேடி, களை எடுக்கற அம்மாங்ககிட்ட காட்டி கேளுங்க. நூறு நாள் வேலைக்கு போற வயசான அம்மாங்கள்ல யாராவது ஒருத்தருக்கு கண்டிப்பா தெரிஞ்சிருக்கும், வாத்தியார் அவங்கதான்.

தொடவே கூடாத செடி எது எது?

பெரிய பட்டியலு இருக்கு, நான் கீரை பறிக்கற எடத்துலயே கூட மொளைக்கறத மட்டும் சொல்றேன்.

மொதல்ல ஊமத்தை. குப்பைமேட்டுல குப்பைக்கீரை கூடவே கன்னு மொளைக்கும், நாலஞ்சு எலை விட்ட பருவத்துல அவசரத்துக்கு கையில சேந்து வந்துடும். எனக்கு பத்து பதினோரு வயசு இருக்கறப்ப மடி நெறைய கீரை பறிச்சு கொண்டுபோய் கொட்டுனேன், அம்மிச்சி மொறத்துல பரப்பி பாத்துட்டு ரெண்டு கன்ன தனியா எடுத்து, எலைய கசக்கி என் மூக்குகிட்ட வெச்சாங்க. ஒரு மாதிரி குமட்டற வீச்சம். கீரைல அந்த வாசம் வராது. அன்னைக்கு பறிச்ச கீரை மொத்தத்தையும் குப்பைல கொட்ட சொல்லிட்டாங்க, நான் அழுதேன், அவங்க ஒண்ணும் சொல்லல. இப்பவும் கீரைய பரப்பி ஒவ்வொரு தண்டா பாத்துட்டுத்தான் அடுப்ப பத்த வெக்கறேன்.

ரெண்டாவது கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள். தமிழ்நாட்டோட மாநிலப்பூ, மூலனூர் தாராபுரம் பக்கம் வெதைக்காக பந்தல் போட்டு பயிரே பண்றாங்க, அதனால எங்க ஊருல வேலில தானா மொளைச்சும் கெடக்கும். எலை நுனி சுருண்டு கம்பிய புடிச்சு ஏறும். கெழங்கு கலப்பை மாதிரி வளைஞ்சு இருக்கும். எல்லா பாகமும் விஷம், கெழங்கும் வெதையும் ரொம்ப.

அப்பறம் ஒடைச்சா பால் வர்றது. இதுல சாப்பிடற செடியும் உண்டு, ஆனா புதுசா கத்துக்கறவங்க பால் வந்தா விட்டுடுங்க. பருப்புக்கீரைன்னு நெனைச்சு தரையோட படர்ற சின்ன அம்மான் பச்சரிசிங்கற பால் செடிய பறிச்சுட்டு வர்றவங்க உண்டு. தண்ட கிள்ளுங்க, பருப்புக்கீரைல தண்ணிதான் வரும், வெள்ளைப்பால் வராது. குன்றிமணி, ஆமணக்கு வெதை, அரளி இதெல்லாம் கொழந்தைங்களுக்கும் காட்டி சொல்லி வெச்சுருங்க.

ரோட்டோரத்துல, வாய்க்கால் ஓரத்துல தளதளன்னு இருக்கே, பறிக்கலாமா?

தளதளன்னு இருக்கறதுக்கு காரணமே சாக்கடைத்தண்ணியா இருக்கலாம். கீரை மண்ணுல இருக்கற காரீயம், காட்மியம் மாதிரி உலோகத்த இழுத்து எலைல சேத்து வெச்சுக்கும், எத்தனை தடவை கழுவுனாலும் அது போகாது ஏன்னா அது மேல ஒட்டுனதில்ல. திருப்பூர் வழியா ஓடற நொய்யல் ஆத்துக்கரைல வளந்தவங்களுக்கு இத வெளக்கவே வேண்டாம், சாயத்தண்ணி ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் போயி நின்னு, 2011-ல ஹைகோர்ட்டே சாயப்பட்டறைகள மூட சொல்ற அளவுக்கு போச்சு. அந்த மாதிரி எடம், பஸ் போற ரோட்டு ஓரம், பழைய குப்பைக்கெடங்கு, ஃபேக்டரி பக்கம் எல்லாம் வேண்டாம். குப்பைமேடுன்னு நான் சொல்றது மாட்டுச்சாணி கொட்டற எருக்குழி மேட்ட.

காட்டுல களைக்கொல்லி அடிச்சிருக்காங்களான்னு பாத்தா தெரியுமா?

அடிச்சு ஒரு வாரம் ஆனா எலை மஞ்சளாகி நுனி கருகும், தெரியும். அடிச்ச மறுநாள் ஒண்ணுமே தெரியாது, செடி பச்சையா நல்லா நிக்கும், ஆபத்து அங்கதான். அதனால கண்ண நம்பாதீங்க, காட்டுக்காரர்கிட்ட கேளுங்க. மக்காச்சோளம் போட்ட காடுன்னா பெரும்பாலும் மொளைக்கறப்பவே மருந்தடிச்சிருப்பாங்க, நான் அங்க எறங்கறதே இல்ல.

மனசு வலிக்கற விசயம் இதுதான். முன்னெல்லாம் களை எடுக்க பத்து பொம்பளைங்க வரிசையா ஒக்காருவாங்க, பொழுதோட வீட்டுக்கு போறப்ப ஆளுக்கு ஒரு மடி கீரை போகும். ஆள் கெடைக்கல, கூலி கட்டுபடியாகலன்னு மருந்துக்கு மாறுனாங்க, காட்டுக்காரர கொறை சொல்ல முடியாது. ஆனா கீரையும் போச்சு, அத தெரிஞ்சவங்களும் கொறைஞ்சுட்டாங்க.

பறிச்சுட்டு வந்தாச்சு, எப்படி செய்யறது?

ஆய்ஞ்சு, பரப்பி பாத்து (ஊமத்தை கதைய ஞாபகம் வெச்சுக்கங்க), அகலமான பாத்திரத்துல தண்ணி ஊத்தி கீரைய அலசி மேல தூக்கி எடுங்க. பாத்திரத்த சாய்ச்சு தண்ணிய வடிச்சா அடில தங்குன மண்ணு திரும்ப கீரைலயே ஏறிக்கும். மண்ணு வராத வரைக்கும் மூணு நாலு தண்ணி.

எங்க வீட்டு கடையல் இப்படித்தான். ஒரு கைப்பிடி துவரம்பருப்ப முக்கால் பதத்துக்கு வேக வெச்சு, அதுல நாலு சின்ன வெங்காயம், ரெண்டு பல்லு பூண்டு, பச்சமொளகா, சீரகம், ஒரு தக்காளி போட்டு, கீரைய அது மேல போட்டு மூடாம வேக விடுங்க. மூடுனா நெறம் மங்கிடும். கீரை அமுங்கி அளவு கால்வாசி ஆகும், அதனால உப்ப கடைசில போடுங்க, மொதல்லயே குமிஞ்சு இருக்கறத பாத்து போட்டா கரிக்கும். மண்சட்டில மத்து வெச்சு கடைஞ்சு, கடுகு வரமொளகா தாளிச்சு கொட்டுனா களிக்கும் கம்மஞ்சோத்துக்கும் அப்படி எறங்கும். ஒரே கீரைதான் வேணும்னு இல்ல, பண்ணை, தொய்யல், குமட்டி, குப்பைக்கீரைன்னு கெடைச்சத கலந்து கடையறதுதான் ருசி எச்சா.

முடக்கத்தான் இப்படி கடைஞ்சா கசக்கும், அரிசி கூட அரைச்சு தோசைக்கு போடுங்க. தூதுவளைல எலைக்கு அடில கூட முள்ளு இருக்கும், அத கத்தரிச்சு எடுத்துட்டு நெய்ல வதக்கி தொவையலோ ரசமோ வைங்க.

பிரண்டை செஞ்சேன், நாக்கும் தொண்டையும் அரிச்சு எடுத்துடுச்சு, ஏன்?

முத்துனத எடுத்திருப்பீங்க, இல்லனா வதக்கறது பத்தல. அதுல ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கு, அதுதான் குத்துது. கொழுந்து கணுவா நகத்துல கிள்ளுனா ஒடியறத மட்டும் எடுங்க, கைல நல்லெண்ணெய் தடவிக்கிட்டு நார உரிங்க, எண்ணெய்ல நெறம் மாறி சுருங்கற வரைக்கும் பொறுமையா வதக்குங்க, புளி தாராளமா வெச்சு அரைங்க. அவசரமா பண்ற அன்னைக்கு பிரண்டைய எடுக்காதீங்க.

வேக வெச்ச தண்ணிய கொட்டலாமா, சத்து போயிடுமே?

குப்பைக்கீரை, பண்ணைக்கீரைக்கு கொட்ட வேண்டாம். பருப்புக்கீரை, சாரணைக்கீரை ரெண்டுலயும் கல்லு உண்டாக்கற ஆக்சலேட் நெறைய, சிறுநீரகக்கல்லு வந்தவங்க அத வேக வெச்ச தண்ணிய வடிச்சுட்டு கொஞ்சமா சாப்பிடலாம், தயிரோ மோரோ சேத்தா அதுல இருக்கற கால்சியம் ஆக்சலேட்ட புடிச்சுக்கும். திரும்ப திரும்ப கல்லு வர்றவங்க டாக்டர்கிட்ட கேக்காம தொட வேண்டாம். சாரணைய எல்லாரும் எளசாவே எடுங்க, முத்துனது வயித்தால போக விட்டுடும்.

ராத்திரி கீரை சாப்பிடக்கூடாதுன்னு சொல்றாங்களே?

ராத்திரி சாப்பிட்டா விஷம்லாம் ஆகாது. காலைல கடைஞ்சத வெளியவே வெச்சிருந்து ராத்திரிக்கு சூடு பண்ணி திங்கறதுதான் தப்பு, சீக்கிரம் கெட்டுடும், கொழந்தைங்களுக்கு குடுக்கவே கூடாது. அன்னைக்கு செஞ்சத அந்த வேளைக்கே முடிச்சுடுங்க.

மணத்தக்காளி பச்சைக்காய் விஷம்னு படிச்சேன், ஆனா வத்தல் போடறோமே?

ரெண்டும் பொய்யில்ல. பச்சைக்காய்ல சோலனின்ங்கற விஷப்பொருள் எச்சா இருக்கு, பழுத்தா கொறைஞ்சுடும். நல்லா பழுத்தத செடில இருந்தே பறிச்சு திங்கலாம். பச்சைக்காய பச்சையா திங்கக்கூடாது, உப்பு போட்ட மோர்ல ஊற வெச்சு காய வெச்சு, வறுத்து கொழம்புக்கு கொஞ்சமா சேக்கறோம். வத்தல யாரும் கிண்ணம் கிண்ணமா திங்கறதில்லையே.

கெழங்கு தோண்டலாமா? காளான் பறிக்கலாமா?

படிச்சு கத்துக்கிட்டு செய்யற வேலையே இல்ல ரெண்டும். கெழங்குக்கு காரணம் மேல சொன்ன கண்வலிக்கிழங்கு, அது போக காட்டு வள்ளிக்கிழங்குலயே சிலது பல தண்ணி மாத்தி பக்குவம் பண்ணாம திங்க முடியாது, அந்த பக்குவம் தெரிஞ்சவங்க மலையில இருக்கற பழங்குடி மக்கள்.

காளான்ல மஞ்சள் போட்டா தெரியும், வெள்ளிக்காசு கருத்தா விஷம், பூச்சி அரிச்சிருந்தா நல்லதுன்னு சொல்ற சோதனை எதுவுமே உண்மையில்ல. கறையான் புத்துல இடி இடிச்சப்பறம் வர்ற புத்துக்காளான எங்க ஊர்ல திங்கறோம், அது கறையானோட சேந்து மட்டும் வளர்றது, அதோட வேரு மாதிரி தண்டு கீழ புத்து வரைக்கும் போகும். இவ்ளோ தெரிஞ்சும் தெரிஞ்ச பெரியவங்க கைல எடுத்து குடுக்காம நான் சமைக்க மாட்டேன்.

சாப்பிட்டு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றது?

வாய் வறண்டு கண்ணு மங்கலாகி ஒளற ஆரம்பிச்சா, இல்லனா சாப்பிட்ட சில மணி நேரத்துல விடாம வாந்தி பேதின்னா, 108-க்கு கூப்பிடுங்க. உப்புத்தண்ணி குடிக்க வெச்சு வாந்தி எடுக்க வெக்காதீங்க. மிச்சம் இருக்கற பச்சை செடி, கடைஞ்ச சட்டி ரெண்டையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு போங்க, என்ன செடின்னு தெரிஞ்சா வைத்தியம் வேகமா நடக்கும். இதுக்குத்தான் புதுசா ஒரு கீரை சமைக்கற அன்னைக்கு ஒரு கைப்பிடி பச்சையாவே தனியா எடுத்து வெக்க சொல்றேன், மொத தடவை பெரியவங்க மட்டும் ரெண்டு கரண்டி சாப்பிட்டு பாத்தா போதும்.

மாத்திரை சாப்பிடறேன், கீரை சாப்பிடலாமா?

ரத்தம் ஒறையாம இருக்க வார்ஃபரின், அசெனோகூமரால் மாதிரி மாத்திரை எடுக்கறவங்க கவனமா இருக்கணும். கீரைல வைட்டமின் கே நெறைய, அது அந்த மாத்திரைக்கு எதிர் வேலை செய்யும். ஒரு வாரம் கட்டு கட்டா தின்னுட்டு அடுத்த வாரம் நிறுத்துனா அளவு தாறுமாறாகும், டாக்டர்கிட்ட சொல்லிட்டு அளவ மாத்தாம சாப்பிடுங்க. மத்தபடி தூதுவளை சளிக்கு, முடக்கத்தான் மூட்டுக்குன்னு நம்பி எழுதிக்குடுத்த மாத்திரைய நிறுத்துனவங்கள பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. அது சாப்பாடு.

நான் இருக்கறது அபார்ட்மெண்ட்ல, காடே இல்ல, என்ன பண்ண?

ஊருக்கு போறப்ப முத்துன பண்ணைக்கீரை பூவுல நாலு கிள்ளிட்டு வாங்க, அதுலயே ஆயிரக்கணக்குல வெதை இருக்கும். காகிதத்து மேல கசக்கி ஊதுனா கருப்பு வெதை மட்டும் நிக்கும். ஒரு சிட்டிகை வெதைய ரெண்டு கைப்பிடி மணல்ல கலந்து தொட்டி மண்ணு மேல தூவி லேசா கையால தடவி விடுங்க, ஆழமா போட்டா மொளைக்காது. வெயில் படற எடத்துல வைங்க. ஒரு சாண் ஒசரம் வந்ததும் வேரோட புடுங்காம கீழ ரெண்டு கணு விட்டு கிள்ளுனா பக்கத்துல தழைச்சு வரும், மூணு தடவை கிள்ளலாம். நாலாவது தடவை கிள்ளாம பூக்க விடுங்க, அடுத்த மழைக்கு வெதை வேணுமில்ல. எங்க மாடில இப்ப இருக்கற பண்ணைக்கீரை எங்க அம்மிச்சி காட்டு வரப்புல இருந்து கொண்டு வந்ததோட அஞ்சாவது வருச வெதை, கேக்கறவங்களுக்கு சின்ன பொட்டணமா மடிச்சு குடுத்துட்டுத்தான் இருக்கேன்.